ஆரஞ்சு பபூன் சிலந்தி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகளாக இங்கிலாந்தில் டரான்டுலா என்னும் பெரிய, முடி அடர்ந்த சிலந்திகளை வளர்க்கிறேன். இப்போது வீட்டில் இருபத்து மூன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. பலவும் ஒரே கேள்விகள். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது முதல் சிலந்தி வாங்குகிறவர்களுக்கான பக்கம் அல்ல. அவர்கள் இதைப் படித்துவிட்டு வேறு சிலந்தி வாங்கினால் எனக்கு மகிழ்ச்சியே.

எந்தச் சிலந்தியைப் பற்றிப் பேசுகிறோம்?

டெரினோகிலஸ் மியூரினஸ். 1897-இல் பொக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பெயரிட்டது. ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் தெற்கிலும் பரவலாக வாழ்கிறது. இடத்துக்கு இடம் நிறம் மாறும். சாம்பல், பழுப்பு, மணல் நிறம் எல்லாம் உண்டு. வளர்ப்பவர்களிடம் அதிகம் இருப்பது தான்சானியாவின் உசாம்பரா மலைப்பகுதியின் பெயரால் வழங்கும் ஆரஞ்சு வகை. 'மியூரினஸ்' என்றால் எலி போன்றது என்று பொருள். பொக்காக் கையில் கிடைத்தது மங்கலான நிறமுள்ள சிலந்தியாக இருந்திருக்க வேண்டும். பழுத்த கமலா ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் ஒன்றுக்கு எலியின் பெயர் நின்றுவிட்டது.

'பபூன்' என்பது காலால் வந்த பெயர். கால் நுனி கறுத்து மெத்தென்று பபூன் குரங்கின் விரல்போல இருக்கும். 'ஆரஞ்சு பபூன் டரான்டுலா' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து வளர்ப்பவர்கள் ஓ.பி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த மூன்றெழுத்தை 'கடிக்கிற அந்த ஆரஞ்சு' என்று பொருள்படும்படி விரித்துச் சொல்வது எங்கள் பழைய வேடிக்கை.

கால் விரிப்போடு அளந்தால் வளர்ந்த பெண் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரும். பெண் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். ஆண் மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்துவிடும்.

அது உண்மையிலேயே அவ்வளவு கோபக்காரச் சிலந்தியா?

கோபம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. என்னிடம் இருக்கும் பெண்ணுக்கு மிளகாய் என்று பெயர். ஒன்பது ஆண்டுகளில் அது ஒருமுறைகூட என்னைத் தேடி வந்து தாக்கியதில்லை. நான் அதன் வலையைத் தொட்ட ஒவ்வொரு முறையும் தாக்க வந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்குக் கண் எட்டு இருந்தும் பார்வை மட்டம். உலகத்தை அது அறிவது அதிர்வால். வலைதான் அதன் காது, அதுவே வீடு, அதுவே வாசல் மணி. நீங்கள் வலையின் ஓர் இழையை அசைத்தால் அதன் உடம்பில் கை வைத்த மாதிரி. முதலில் ஓடப் பார்க்கும். ஓட இடமில்லை என்றால் முன்கால்களைத் தூக்கி, பின்னுக்குச் சாய்ந்து, நச்சுப்பல் இரண்டையும் விரித்துக் காட்டும். அதற்கும் நீங்கள் அசையாவிட்டால் முன்கால்களால் தரையை அடிக்கும். அந்த 'டப் டப்' சத்தம் அறைக்கு வெளியே கேட்காது. பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். கடி அதற்கு அடுத்த படி. பல சிலந்திகள் இந்தப் படிகளில் நின்று நிதானித்து ஏறும். இது நிற்காமல் ஏறும், அவ்வளவுதான்.

ஆகவே வேலை என்னவென்றால், உங்கள் கையும் அதன் வலையும் சந்திக்காதபடி பெட்டியை அமைப்பது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

சிலி ரோஜா டரான்டுலாவை மூன்று ஆண்டுகள் வளர்த்திருக்கிறேன். அந்த அனுபவம் போதுமா?

போதாது. அமெரிக்கக் கண்டங்களின் டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் அரிப்பு முடி உண்டு. தொந்தரவு செய்தால் பின்கால்களால் அந்த முடியை உதிர்த்து வீசும். உங்களுக்குக் கை அரிக்கும், தும்மல் வரும், அத்தோடு போகும். ஆப்பிரிக்க, ஆசியச் சிலந்திகளுக்கு அந்த முடி கிடையாது. அவற்றின் கையில் இருப்பது வேகமும் கடியும் மட்டுமே. நஞ்சும் அதற்கேற்ப வீரியமானது.

இடையில் ஒரு படி வையுங்கள். வேகமாக ஓடும், நிறைய வலை பின்னும், ஆனால் நஞ்சு கடுமையற்ற ஒரு சிலந்தியை ஓராண்டு வளருங்கள். வெனிசுவேலாவின் நீலப்பச்சைச் சிலந்தி அதற்குப் பொருத்தம். நீலக் கால், பச்சை முதுகு, ஆரஞ்சு வயிறு என்று பார்க்கவும் அழகு. அதைப் பெட்டி மாற்றும்போது உங்கள் கை நடுங்குகிறதா என்று பாருங்கள். நடுங்கினால் இன்னும் ஓராண்டு பொறுங்கள்.

எவ்வளவு வேகம் ஓடும்?

எண்ணால் சொல்லி உதவாது. பெட்டியின் ஒரு மூலையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அடுத்த கணம் எதிர் மூலையில் இருக்கும்; நடுவில் நடந்ததைக் கண் பிடிக்காது.

பயன்படுகிற செய்தி வேறு இரண்டு. ஒன்று, அந்த ஓட்டம் நீடிக்காது. சில விநாடிகள் பாய்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடும். அதன் உடலில் பிராணவாயு அவ்வளவு சீக்கிரம் ஓடிச் சேராது. நிற்கும் அந்த நேரம் உங்களுடையது. இரண்டாவது, டரான்டுலாவின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளை நீட்டத் தசை கிடையாது. உடல் திரவத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது, மண்வெட்டி இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்கிற மாதிரி. வெப்பம் கூடினால் இந்த ஓட்டமும் கூடும். அமெரிக்கப் பழுப்பு டரான்டுலாவை வைத்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனபோது ஓடும் வேகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கானது. ஆகவே பெட்டி மாற்றும் வேலையை ஜூலை மத்தியானத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த காலை நேரத்தில் செய்யுங்கள். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சித்திரவதை, வேண்டாம்.

பெட்டியை எப்படி அமைப்பது?

வளர்ந்த சிலந்திக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர் உள்ள பெட்டி தாராளம். கண்ணாடியோ அக்ரிலிக்கோ உங்கள் விருப்பம். பக்கவாட்டில் எதிரெதிரே காற்றுத் துளைகள் வேண்டும். துளை சிலந்தியின் தலைப்பகுதியை விடச் சிறியதாக இருக்க வேண்டும். தலை நுழைந்தால் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும்.

அடிமண் 12 முதல் 15 சென்டிமீட்டர் ஆழம். நான் தென்னை நார்த்தூளோடு மேல்மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து, நன்றாக உலர்த்தி, உள்ளங்கையால் அழுத்திப் போடுகிறேன். இங்கே கடையில் செங்கல்போல அழுத்தி விற்கும் நார்த்தூளைத் தண்ணீரில் ஊறவைத்தால் வாளி நிறையப் பொங்கும். உறையைத் திருப்பினால் இந்தியா அல்லது இலங்கை என்று போட்டிருக்கும். நம் ஊர்த் தேங்காய் மட்டை இங்கே வந்து ஆப்பிரிக்கச் சிலந்திக்குப் படுக்கையாகிறது.

இனி முக்கியமானது. இந்தச் சிலந்தி மண்ணைத் தோண்டும், மரப்பொந்திலும் குடியேறும், புதரிலும் கூடு கட்டும். பிடிப்பு எங்கே கிடைக்கிறதோ அதுவரை வலையை இழுத்துச் செல்லும். மூடி வரைக்கும் ஒரு மரத்துண்டை நிறுத்தி வைத்தால் வலையும் மூடி வரைக்கும் ஏறும். ஆகவே உயரமான பொருள் எதையும் வைக்காதீர்கள். ஒரு கார்க் பட்டையைப் பாதி புதைத்துச் சாய்த்து வையுங்கள். அதன் நுனி மூடிக்கு ஆறு சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். அந்தப் பட்டையைச் சுற்றித் தாழ்வாக நாலைந்து சுள்ளிகளைக் குத்திவிடுங்கள். பட்டைக்கு அடியில் விரலால் ஒரு பள்ளம் போட்டுக் கொடுத்தால் அன்றைக்கே குடியேறிவிடும். பட்டையை எந்தப் பக்கம் வைக்கிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம் தண்ணீர்க் கிண்ணம். இப்படி வைத்தால் சிலந்தி ஒரு மூலையிலும் உங்கள் வேலை இன்னொரு மூலையிலும் நடக்கும்.

முன்பக்கம் திறக்கும் கதவா, மேலே திறக்கும் மூடியா என்று வாதம் ஓயாது. முன்கதவு அழகு, ஆனால் திறக்கும்போது சிலந்தி இருக்கும் மட்டத்திலேயே வாசல் திறக்கிறது. என் ஓட்டு மேல்மூடிக்கு. மூடியில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளையிட்டு அதைத் தக்கையால் அடைத்து வைத்திருக்கிறேன். தீனி போடுவது, தண்ணீர் ஊற்றுவது இரண்டும் அந்தத் துளை வழியாகத்தான். மிளகாயின் பெட்டி மூடியை நான் முழுதாகத் திறப்பது ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை.

இவ்வளவு சொல்லியும் வலை மூடியில் ஒட்டிக்கொண்டது. இப்போது என்ன செய்வது?

ஒட்டும். நான் சொன்னபடி வைத்தாலும் சில சிலந்திகள் ஒட்டத்தான் செய்யும். என் கதையைச் சொல்கிறேன்.

மிளகாய் வந்த இரண்டாவது ஆண்டு. அப்போது மூடியில் துளை கிடையாது. சிலந்தி கீழே பட்டைக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்ற மூடியைத் தூக்கினேன். தூக்கும்போது லேசான ஓர் இழுவை தெரிந்தது, ஈர வேட்டியைக் கொடியிலிருந்து எடுக்கும்போது தெரிவது போல. அதை நான் மதிக்கவில்லை. மூடியோடு சேர்ந்து வலைக்குழாயின் வாய் மேலே வந்துவிட்டது. மூடியின் அடிப்பக்கத்தில், என் இடது கட்டைவிரலுக்கு நான்கு அங்குலத் தொலைவில், மிளகாய் இருந்தது. வீட்டுக்குள் இருந்ததாகத்தான் அது நினைத்துக்கொண்டிருக்கும். வீடுதான் அந்தரத்தில் தொங்கியது.

மூடியை உதறாமல் மேசையில் வைக்கும் அளவுக்கு எப்படியோ புத்தி இருந்தது. மூடியை ஒரு சுற்றுச் சுற்றியது, என் சட்டைக் கை மடிப்பின் மேல் ஏறி இறங்கியது, மேசை விளக்கின் அடியில் போய் நின்றது. நின்றவுடன் பெரிய பிளாஸ்டிக் கோப்பையால் மூடினேன். எல்லாம் ஏழெட்டு விநாடிக்குள் முடிந்துவிட்டது. பிறகு தேநீர் போட்டேன், கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. மேசை மேல் வைத்துக் குனிந்து உறிஞ்சினேன்.

அதிலிருந்து எனக்கு மூன்று வழக்கம். திறப்பதற்கு முன் பக்கவாட்டில் டார்ச் அடித்து, சிலந்தி எங்கே என்று கண்ணால் பார்ப்பது. பார்க்க முடியாவிட்டால் அன்றைக்குத் திறப்பதில்லை. மூடியை ஒரு விரல் உயரம் மட்டும் தூக்கி, நீளமான மெல்லிய அட்டையை நுழைத்து, ஒட்டிய வலையை மூடியிலிருந்து மெதுவாகப் பிரிப்பது. பெட்டியை எப்போதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்தே திறப்பது. இந்த மூன்றாவதுதான் உயிர்காப்பு. வெளியே வந்தாலும் தொட்டிக்குள்தான் வரும்.

பழைய வலையைச் சுத்தம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒட்டடை அல்ல அது. நீங்கள் பிய்த்தால் ஒரு வாரத்தில் மறுபடி கட்டும், அதற்குப் புரதம் செலவு. சாப்பிட்டு எறிந்த எச்சம் கண்ணுக்குத் தெரிந்து, எட்டவும் எட்டினால் நீண்ட இடுக்கியால் எடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள், உலர்ந்த பெட்டியில் அது காய்ந்து கிடக்கும்.

ஈரப்பதம், வெப்பம்?

உலர்ந்த மண், நிறைந்த தண்ணீர்க் கிண்ணம். இது போதும். தண்ணீர் ஊற்றும்போது கிண்ணம் கொஞ்சம் வழிந்து ஒரு மூலை நனைந்தால் நல்லது. தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள். காற்றோட்டமில்லாத ஈரத்தில் சிற்றுண்ணியும் பூஞ்சையும்தான் வளரும். குஞ்சுகளுக்கு மட்டும் மண்ணின் ஒரு பக்கம் லேசாக ஈரமாக இருக்க வேண்டும்.

22 முதல் 28 டிகிரி வரை வசதியாக இருக்கும். பெட்டிக்கு அடியில் சூட்டுப் பாய் வைக்காதீர்கள். காட்டில் சூடு தாங்காத சிலந்தி கீழே தோண்டிப் போய்த் தப்பிக்கும். கீழேயே சூடு இருந்தால் அது எங்கே போகும்? அறையைச் சூடாக்குவதே சரி.

என்ன தீனி, எத்தனை நாளுக்கு ஒருமுறை?

சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, தீனிக்கென்றே வளர்க்கும் டூபியா கரப்பான், மாவுப்புழு. வளர்ந்ததற்குப் பத்து நாளுக்கு ஒன்று. குஞ்சுக்கு வாரத்தில் இரண்டு முறை, அதன் வயிற்றின் அளவுக்கு மிகாத இரை. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அதில் பூச்சிமருந்து பட்டிருக்குமா என்று தெரியாது. வீட்டுக் கரப்பானுக்கும் அதுவே பதில்.

தீனியை இடுக்கியால் பிடித்து நீட்டாதீர்கள், போட்டுவிடுங்கள். பாய்ந்து வரும் சிலந்தி உலோக இடுக்கியைக் கடித்து நச்சுப்பல் உடைந்தால் அடுத்த சட்டை உரிக்கும்வரை சிரமப்படும். சில நேரம் இடுக்கி மேலேயே ஏறி உங்கள் மணிக்கட்டை நோக்கி வரும். இடுக்கி 30 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லையே?

வயிறு உருண்டையாக இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறதா? அப்படியானால் விட்டுவிடுங்கள். சட்டை உரிக்கப் போகும், அல்லது வயிறு நிறைந்திருக்கும்.

வயிறு சுருங்கி, கால்கள் உடம்புக்கு அடியில் மடங்கிக் கை விரல்களைக் குவித்த மாதிரி கிடந்தால் அது வேறு. மேலே சொன்ன திரவ அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் நீர் வற்றல். வாய்ப்பகுதி நனையும்படி ஆழமில்லாத தண்ணீரில் வையுங்கள், சில சமயம் மீளும். வாயைச் சுற்றி வெள்ளையாகக் கசிந்தால் நூற்புழுவாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தப் பெட்டியையும் இடுக்கியையும் மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்துவிடுங்கள்.

பெட்டி மாற்றுவது எப்படி?

எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பயப்படுவது சரியும்கூட. விபத்துகள் நான் கேட்டவரை பெட்டிக்குள் நடப்பதில்லை, ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் நடுவில் நடக்கின்றன.

பலர் குச்சியால் குத்தி வெளியே விரட்டிக் கோப்பைக்குள் பிடிக்கப் பார்ப்பார்கள். வீட்டை விட்டுத் துரத்திய பிறகு அது பதற்றமாக இருக்கிறதே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. நான் வீட்டோடு தூக்கிவிடுவேன்.

முதல் நாள் இரவே பெரிய தொட்டியைத் தயாராக வைத்துவிடுகிறேன். சுவர் வழவழப்பாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். அறைக் கதவின் அடி இடைவெளியில் துண்டைச் சுருட்டி அடைப்பேன். பூனை வெளியே. கைபேசி அடுத்த அறையில். கையில் நீண்ட இடுக்கி, மென்மையான ஓவியத் தூரிகை, இரண்டு பெரிய பிளாஸ்டிக் கோப்பை, நீளக் கத்தரிக்கோல், சமையலறைக் காகிதம். முழுக்கைச் சட்டை, கை மணிக்கட்டில் இறுக்கமாக. தடித்த கையுறை போடுவதில்லை. விரலின் உணர்வு போய்விடும், சிலந்தியை நசுக்கிவிடுவோம்.

காலையில் பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் தொட்டிக்குள் வைத்து, டார்ச் அடித்துப் பார்ப்பேன். வெளிச்சம் பட்டால் பெரும்பாலும் பட்டைக்குள் இருக்கும் வலைக்குழாயில் ஒடுங்கிவிடும். ஒடுங்கியதும் காகிதத்தைச் சுருட்டி இடுக்கியால் குழாயின் வாயை அடைப்பேன். பின் வாசல் ஒன்று இருக்கும், அதைத் தேடாமல் விட்டால் அங்கே வெளியே வரும், அதையும் அடைப்பேன். பிறகு பட்டையைச் சுற்றியுள்ள வலையைக் கத்தரித்து, பட்டையை அப்படியே, உள்ளே இருக்கும் குடியிருப்பாளரோடு, நீண்ட இடுக்கியாலேயே தூக்கிப் புதுப் பெட்டியில் வைத்து மூடிவிடுவேன். காகிதத்தை அதுவே இரவில் வெளியே தள்ளிவிடும். மிளகாயைக் கடைசியாக மாற்றியபோது அது முகத்தைக்கூடக் காட்டவில்லை.

குழாயில் ஒடுங்காமல் வெளியே வந்தால் அவசரப்படாதீர்கள். தூரிகையால் பின்கால்களை லேசாகத் தொட்டால் முன்னே நகரும். முன்னால் கோப்பை இருக்கட்டும். முன்காலைத் தூக்கிக் காட்டினால் கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அந்த ஐந்து நிமிடம் உட்கார முடியாதவர்களுக்கு இந்தச் சிலந்தி சரிப்படாது.

தப்பிவிட்டது. எங்கே தேடுவது?

எல்லோரையும் நிற்கும் இடத்திலேயே நிற்கச் சொல்லுங்கள். காலடியில் மிதிபட்டால் முடிந்தது. கதவின் அடியை அடையுங்கள். பிறகு இருட்டு, இடுக்கு, சுவர் ஓரம் என்று தேடுங்கள்: அலமாரியின் பின்புறம், சூடேற்றியின் அடி, திரைச்சீலையின் மடிப்பு, காலணிக்குள். தரையில் கிடக்கும் துணியைக் கையால் எடுக்காமல் குச்சியால் தூக்குங்கள். பகலில் கிடைக்காவிட்டால் இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடியுங்கள். சில நாள் கழித்துத் தேடினால் மூலையில் புது வலை தெரியும். வலை பின்னுகிற சிலந்தி ஒளிந்துகொள்வதில் கெட்டிக்காரர் அல்ல. கோப்பையால் மூடி, அடியில் அட்டையை நுழைத்து எடுங்கள்.

உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடக்கூடும். கால் ஒன்று போனால் கவலை இல்லை, அடுத்தடுத்த சட்டையில் முளைக்கும்.

கடித்துவிட்டால்?

டரான்டுலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட பதிவு இல்லை. அதை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். இந்தச் சிலந்தியின் கடியில் வலி கடுமையாக இருக்கும், வீங்கும், சிலருக்கு வியர்வையும் குமட்டலும் வரும். தசைப்பிடிப்புதான் பெரிய தொல்லை. அது அடங்கி, நாட்கள் கழித்துத் திரும்பவும் வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் கடி. கை வலி இரண்டு நாளில் போனது. பத்தாம் நாள் படி ஏறும்போது கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டி வையுங்கள். கட்டு இறுக்குவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, முகவீக்கம், உடல் முழுவதும் தசைப்பிடிப்பு என்றால் உடனே மருத்துவமனை. கடிபட்டது குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். இதற்கு முறிமருந்து கிடையாது. வலிக்கும் பிடிப்புக்கும்தான் மருத்துவம் பார்ப்பார்கள். சிலந்தியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டி வையுங்கள். வலியில் 'டெரினோகிலஸ்' என்று நாக்கு புரளாது.

நாய், பூனை உள்ள வீடு என்றால் இன்னும் கவனம். ஆஸ்திரேலியாவில் அந்நாட்டு டரான்டுலாக்கள் கடித்து நாய்கள் இறந்தது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. பெட்டிக்குப் பூட்டு போடுங்கள்.

கையில் எடுக்கலாமா?

கூடாது.

சட்டை உரிக்கும்போது என்ன செய்வது?

ஒன்றும் செய்யாமல் இருப்பது. வலையைப் பாய்போல விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொள்ளும். புதியவர்கள் செத்துவிட்டது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்துக் கெடுத்துவிடுவார்கள். உள்ளே உயிருள்ள இரை இருந்தால் எடுத்துவிடுங்கள், மென்தோலுடன் கிடக்கும் சிலந்தியைச் சுவர்க்கோழி கடித்துத் தின்னும். உரித்தபின் நச்சுப்பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், பிறகு கறுக்கும். கறுத்த பிறகே தீனி.

உரித்த சட்டையை எறிந்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத் துளி விட்டு ஊறவைத்து வயிற்றுப் பகுதியைப் பிரித்தால், முன் இரண்டு ஏட்டு நுரையீரல்களுக்கு (ஏடுகளை அடுக்கிய மாதிரி இருக்கும் மூச்சு உறுப்புகள்) நடுவே, ஆணின் விந்தைச் சேர்த்து வைக்கும் பை தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் பெண். ஆண் முதிர்ந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்; வாயருகே உள்ள குட்டைக் கால்களின் நுனி, குத்துச்சண்டைக் கையுறை போட்டது போல உருண்டிருக்கும்.

இந்தியாவில் வளர்க்கலாமா? இலங்கையில்?

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த பொட்டலம் ஒன்றைச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளிலும் பஞ்சிலும் சுற்றிய சிறு குப்பிகளுக்குள் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. உரிய இறக்குமதி அனுமதி இல்லாததால் திருப்பி அனுப்ப முடிவாயிற்று. ஒவ்வொன்றும் குப்பிக்குள் எத்தனை நாள் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர்க் காட்டிலிருந்து பிடித்து வளர்க்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மரச் சிலந்திகளான பொசிலோதெரியா இனங்கள் அனைத்தும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. ஆந்திரத்தின் கூட்டி என்ற ஊரிலிருந்து 1899-இல் அதே பொக்காக் விவரித்த நீலச் சிலந்தி, அழியும் விளிம்பில் உள்ள இனம். காட்டில் இருப்பதைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பபூன் சிலந்திகளையும் ஒரு காலத்தில் அப்படித்தான் பிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் அப்போதைய டிரான்ஸ்வால் மாகாணத்தில் 1987-இலேயே டெரினோகிலஸ் உட்பட மூன்று பபூன் சிலந்திப் பேரினங்களைப் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்கள். இன்று இங்கே விற்பவை பெரும்பாலும் வளர்ப்பிலேயே பிறந்த குஞ்சுகள். ஒரே முட்டைப்பையில் நூற்றுக்கும் மேல் பொரிக்கக்கூடிய சிலந்திக்குக் காட்டுப் பிடிப்பு தேவையே இல்லை. பிரிட்டனில் இதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் வேண்டாம் என்று தோட்டத்தில் விடுவது 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடையில் 'சாதுவான சிலந்தி' என்று சொல்லி ஆரஞ்சுக் குஞ்சைக் கொடுத்தார்கள். நம்பலாமா?

எனக்கும் ஒரு கடையில் அப்படிச் சொன்னார்கள், வேறு பெயர் எழுதிய குப்பியில். குஞ்சாக இருக்கும்போது பழுப்பு கலந்து இருக்கும், ஓடி ஒளிந்துகொள்ளும், சாது என்றுதான் தோன்றும். மூன்றாவது சட்டைக்குப் பிறகு குப்பி முழுக்க வலையும், வலைக்கு நடுவே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கால்களும் உயர்ந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. மிளகாய் என் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

பகலில் கண்ணிலேயே படுவதில்லை, தொடவும் முடியாது. இதை வளர்ப்பதில் என்ன இருக்கிறது?

இரவு பதினொன்றரைக்கு மேல் மங்கலான சிவப்பு விளக்கைப் போட்டு, பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு குழாயின் வாயில் இரண்டு கால் நுனிகள் வரும். அப்புறம் முழு உடம்பும். தண்ணீர்க் கிண்ணம் வரை போகும், நிற்கும், திரும்பும். வயிற்றின் முனையில் விரல்போல இரண்டு உறுப்புகள் உண்டு; வயிற்றை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே அவற்றால் தடவித் தடவி இழையை விடும். நேற்று நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது அறுந்துபோன ஓர் இழை இருக்கும். அங்கே வந்து காலால் தொட்டுப் பார்க்கும். மண் துகள் ஒன்றை வாயால் எடுத்து வந்து வைத்து, மேலே பூசும். போகும், மறுபடி வரும். நான் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு இழைக்கு அது ஐந்து தடவை வந்தது.